குழலை நெருக்கிய கட்டை

அக்டோபர் 8
எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி ஹெல்மி எழுதுகிறாள். கெட்ட வார்த்தை வந்தால் பேனாவை வைத்துவிடுவாளாம்.

ஜல்லிக் குழியில் குறி அட்டை நட்டு, என் வேட்டைத் துப்பாக்கியால் சுட்டேன். முதல் குண்டு நடுவில். அடுத்ததெல்லாம் இடப்பக்கமாக மேலே ஏறிக்கொண்டே போனது. கூட வேட்டைக்கு வரும் தவுனோ விழுந்து விழுந்து சிரித்தான். "டேய் ஒன்னி, அட்டையைச் சுடுறியா, ஆகாயத்தைச் சுடுறியா?"

போன வருஷம் நான் மானைத் தவறவிட்டபோது, வேட்டை முகாம் வழக்கப்படி என் சட்டையின் பின்முனையை வெட்டிச் சுவரில் ஆணியடித்து மாட்டியவனும் அவன்தான். வேட்டை தொடங்குமுன் ஐந்து குண்டும் காப்பித் தட்டு அகலத்துக்குள் விழவேண்டுமாம். இல்லையென்றால் காட்டுக்கு வேண்டாம், முகாமில் சமையல். "கெழவனுக்குக் கண்ணு போச்சு."

கண்ணா போச்சு?

அக்டோபர் 12
திருகாணி எல்லாம் இறுக்கினேன். துணி வெள்ளையாக வரும்வரை குழலைத் துடைத்தேன். மறுபடி அதே கதை. முதல் குண்டு சரி, குழல் சூடானதும் விலகல். கண் போயிருந்தால் முதல் குண்டும் அல்லவா தப்பியிருக்கும்!

அக்டோபர் 13
மழை. சுடப் போகவில்லை.

அக்டோபர் 17
படுத்தபடி ஒவ்வொரு வருஷமாக நினைத்துப் பார்த்தேன். எந்த மான், எந்தச் சரிவு, காற்று எந்தப் பக்கம், எல்லாம் நினைவில் இருக்கிறது. நீராவியில் குளிக்கப் புது சவுனா அறை கட்டிய வருஷம்வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்புறம்தான் தப்பத் தொடங்கியது. சவுனாவில் என்ன... அட! அதன் வெளியறை ஆணியில்தானே துப்பாக்கியை உலர மாட்டுகிறேன்! இங்கே எல்லாரும் செய்வதுதான். சனிக்கிழமை தவறாமல் நாங்கள் உள்ளே ஆவி பிடிக்க, அது வெளியே ஈரம் குடித்திருக்கிறது.

"மனுஷன் குளிக்கிற எடத்துல அதுக்கு என்னங்க வேலை?" என்றாள் ஹெல்மி. இதையும் எழுதிக்கொள்கிறாள்.

குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது. மரம் ஈரத்தில் உப்பி, குழலை ஒரு பக்கமாக நெருக்குகிறது. சூட்டில் குழல் விரியும்போது குண்டு விலகாமல் என்ன செய்யும்?

அக்டோபர் 28
கட்டையைக் கழற்றி, அடுப்புக்கு எட்டவே பரண்மேல் உலரவைத்திருந்தேன். இன்று உருண்டைக் குச்சியில் உப்புத்தாள் சுற்றி, குழல் படுக்கும் பள்ளத்தைத் தேய்த்தேன். குழலை வைத்துச் செருகிப் பார்த்தால், அன்றைய தாள் இப்போது தடையில்லாமல் கடைசிவரை ஓடுகிறது. ஈரம் இனி ஏறாதபடி உள்ளேயும் வார்னிஷ் பூசியாயிற்று.

நவம்பர் 9
காப்பித் தட்டா? கோப்பை வாயே போதும்! ஐந்தும் அதற்குள். கடைசிக் குண்டின்போது குழல் தொடமுடியாத சூடு, அப்படியும் நகரவில்லை.

தவுனோ நடந்துபோய் அட்டையை விரலால் தடவிப் பார்த்தான். "இன்னிக்குக் காத்து இல்ல, அதான்."

"போன தடவ மட்டும் புயலாடா அடிச்சுது?"

வீடுவரை பாடிக்கொண்டே வந்தேன். எனக்குப் பாட்டும் வராது.

நவம்பர் 15
வேட்டையின் முதல் நாள். முழங்கால் பனி. ஓடைக்கு அக்கரையில் பெரிய கொம்பு மான். ஒரே குண்டு.

தவுனோதான் இழுத்து வந்தான். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றான். "ஏன்டா, கொஞ்சம் சின்னதாப் பாத்துச் சுட்டிருக்கக் கூடாதா?"

அவன் துப்பாக்கியையும் வாங்கி மற்றத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்னால் நடந்தேன்.