ஒரு பாட்டுக்கு மட்டும்

கொட்டாஞ்சேனை
09.06.2024

அன்புள்ள மிதுனா,

சுகமாக இருக்கிறீரா? என் நம்பரை நீர் பிளொக் பண்ணிவிட்டீர், அதனால்தான் இதை ஷிஹானிடம் கொடுத்துவிடுகிறேன். பயப்படாதையும், சண்டைக்கு இல்லை.

வெள்ள நிவாரணத்துக்கு டீவியில் ஒரு நேரடி நிகழ்ச்சி. கொழும்பில் உள்ள நாலு றொக் பாண்டிலிருந்து ஒவ்வொருவரை எடுத்து, ஒரே ஒரு பாட்டுக்குப் புது பாண்ட் ஒன்று சேர்க்கிறார்கள். ட்ரம்ஸ் ஷிஹான், கீபோர்ட் நுஹா, கிற்றார் நான். பாட உம்மைக் கேட்கிறார்கள். பாட்டு, எங்கட கலியாணத்துக்கு முதல் இரண்டு பேரும் சேர்ந்து எழுதின மழைப் பாட்டு.

பிரிந்து நாலு வருஷம். என்னோடு ஒரே மேடையில் நிற்பது கஷ்டமென்றால் நான் விலகுகிறேன். நீர் பாடும்.

அன்புடன்,
றொபேட்

வெள்ளவத்தை
12.06.2024

றொபேட்,

வருகிறேன். நீர் விலகவேண்டாம். உம்மட வாசிப்பை வேறொருவர் ஒரு கிழமைக்குள் பழகமாட்டார்.

ஒன்று மட்டும். ஒத்திகையில் பாட்டைப் பற்றி மட்டும் கதைப்போம். நாங்கள் திரும்பச் சேரவேண்டுமென்று அம்மா பிள்ளையாருக்கு நேர்த்திக்கடனே வைத்துவிட்டா. போன வருஷம் நீர் மாம்பழத்தோடு வந்து போனதற்கே ஒரு மாதம் சந்தோஷமாகத் திரிந்தா, பிறகு ஒரு மாதம் அழுதா. அவவுக்கு ஆசை காட்டாதையும்.

மிதுனா

கொட்டாஞ்சேனை
23.06.2024

அன்புள்ள மிதுனா,

நேற்று நேரலையில் பாட்டின் நடுவில் என் கிற்றார் சத்தமில்லாமல் போனதே. முந்தியென்றால் நீர் முறைப்பீர், நான் கோபத்தில் மேடையை விட்டு இறங்குவேன். நேற்று நீர் ஷிஹானைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ட்ரம்ஸுக்கு மட்டும் அந்தச் சரணத்தைத் திரும்பப் பாடினீர். நான் வயரை மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது சிரித்தீர்.

இன்று தேவாலயத்தில் பூசை முடிய எல்லாரும் "சேர்ந்திட்டீங்களாமே!" என்று கை கொடுத்தார்கள். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இமெல்டாவும் போன் எடுத்தா. "புருஷன் பெண்சாதி பாண்ட் எண்டு போட்டு ஒரு வருஷம் ஓட்டலாம்" என்றா.

மிதுனா, உம்மோடு வாசிக்க ஆசையாக இருந்தது. திரும்பவும் உம்மோடு வாழும் ஆசை வரவில்லை. கோபமும் இல்லை. நோகப்பண்ணினால் மன்னியும். இமெல்டாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
றொபேட்

வெள்ளவத்தை
26.06.2024

அன்புள்ள றொபேட்,

உம்மட கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன், உடுப்புக் காயப்போட்டேன், திறக்கவேயில்லை. "திரும்பி வாரும்" என்று எழுதியிருப்பீர் என்று பயம். அப்படியொரு பாட்டுக்குப் பிறகு மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

வாசித்து முடித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மா ஓடி வந்து, "என்ன பிள்ளை, அவர் என்ன எழுதியிருக்கிறார்?" என்றா.

"நாங்கள் சேரேல்லை அம்மா. ஆனா இனிச் சண்டையும் இல்லை."

அவ கதிரையில் இருந்து என் முகத்தையே பார்த்தா. பிறகு, "உனக்கு நிம்மதியோ?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன். அவ உள்ளே போய் எனக்குச் சோறு போட்டா.

ஒரு பாட்டுதான், அது முடிந்துவிட்டது என்று இமெல்டாவிடம் நானே சொல்லிவிட்டேன். நாலு வருஷமாகத் தள்ளிப்போட்ட விவாகரத்து வழக்கை நீர் போடும், நான் மறுக்கமாட்டேன். வழக்குத் திகதியைச் சொல்லும், புதுக்கடை நீதிமன்ற வாசலில் நிற்பேன். முடிந்ததும் புறக்கோட்டையில் நல்ல புரியாணி ஒன்று சாப்பிடுவோம். இவ்வளவு காலமும் அந்த வழக்கை நினைத்தாலே தொண்டையில் ஒன்றும் இறங்காது. இப்போது எழுதும்போதே பசிக்கிறது.

அன்புடன்,
மிதுனா