ஒரு நாளைத் தாண்டாத ரௌட்டர்

இன்று காலை புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தேன். தோலும் பசையும் கலந்த வாடை வந்ததும் உன் அத்தாவின் செருப்புக் கடை ஞாபகம் வந்தது. செருப்பை முகர்ந்துவிட்டு ரௌட்டரை நினைக்கிறவள் திண்டுக்கல்லில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாம் ஒன்றாகப் படித்த கல்லூரி முடிந்து பல வருடம் கழித்து, நீ அந்தக் கடைக் கல்லாவில் இருந்தாய். நான் ஓர் அலுவலகத்தில். கடையில் இணையத்துக்கு வைத்திருந்த பழைய ரௌட்டரில், அதை இயக்கும் மென்பொருளாக, யார் வேண்டுமானாலும் திருத்தி எழுதக்கூடிய ஒரு ஃபர்ம்வேரை நீதான் ஏற்றினாய். அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதலாம் என்றதும் நீதான். எந்தப் பதிப்பு, நினைவகம் எவ்வளவு மிச்சம், எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று ஒரே திரையில் காட்டினால் போதும். இது யாருக்கு வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கு வேணும்டி" என்றாய்.

எழுதி முடித்தோம். ஆனால் ஓடிய நேரம் ஒரு நாளைத் தாண்டவே இல்லை. தினமும் காலையில் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. தவறு எங்கே என்று தெரியாமல் அந்த ஃபர்ம்வேரைப் பராமரிக்கிறவர்களுக்கு அனுப்பக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். உனக்கோ அவசரம். உனக்குச் சிகிச்சை தொடங்கியிருந்த மாதங்கள் அவை. அந்தப் பேச்சை நாம் எடுக்கவில்லை. ஆனால் உன் பெயர் அந்த ஃபர்ம்வேருக்குள் போவதை நீ பார்த்துவிட நினைத்தாய்.

ஒரு மாலை, கடை பூட்டும்போதும் அதே வாக்குவாதம். பேசிக்கொண்டே கை நீட்டி மெயின் சுவிட்சை இறக்கினாய். தோலும் பசையும் இருக்கிற கடை என்று, நெருப்புக்குப் பயந்து அத்தா வைத்த வழக்கம். ரௌட்டரின் விளக்கு அணைந்தது. இருவரும் அதையே பார்த்தோம்.

"ஏடி, நாந்தான் தெனமும் அதக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன்" என்று படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

எதற்கும் இன்னொரு முறை முழுக்கச் சரிபார்ப்போம் என்றேன். உன் சிரிப்பு நின்றது.

"போதும்டி. தப்பிருந்தா பாக்குறவுக சொல்லப் போறாக. நம்மளே பொத்தி வச்சு என்ன செய்ய?"

அன்றே அனுப்பினேன். சில திருத்தங்கள் கேட்டார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் கைபேசியை நர்ஸிடம் நீட்டி உன் பெயரைக் காட்டினாய். வேலை கிடைத்திருக்கிறதா என்று அவர் கேட்க, கிடைத்திருக்கிறது, சம்பளம்தான் கிடையாது என்றாய்.

இந்த வாரம், நீ இல்லாமல் தனியாக, அந்த நிரல் ரௌட்டரின் வெப்பநிலையையும் காட்டும்படி செய்தேன். எனக்கு முழுத் திருப்தி வரவில்லை. வராது என்பதும் தெரியும். அனுப்பிவிட்டேன். மாலைக்குள், முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு தவறுகளைச் சொல்லி எழுதியிருந்தார். இன்னும் ஒரு மாதம் நானே வைத்துப் பார்த்திருந்தாலும் அவை என் கண்ணில் பட்டிருக்காது.