பூஞ்சணம் என்று துடைத்த பனி

குட்டி,

இன்று காலை தகரப் பெட்டியைத் திறந்தேன். கண்டியில் பத்து நாளாய் மழை விடவில்லை. பெட்டிக்குள் ஒரே பூஞ்சண வாசம். சேலைகளை உதறிக் கொடியில் போட்டேன். அடியில் நீ அட்டையில் ஒட்டி வைத்த படம் இருந்தது. அதன் மேலும் வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்திருக்கிறது. ஈரத்துணியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் கை ஓடவில்லை.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் நாம் இரண்டு பேரும் துரை பங்களாவில் வேலைக்கு இருந்தோமே, அந்த மழைக்காலம். நீ துணி வெளுப்பாய், நான் வீடு துடைப்பேன். அக்காளுக்கும் தங்கைக்கும் பங்களா வேலை என்று நம் லயத்து வரிசை வீடுகளில் எத்தனை பேருக்கு வயிற்றெரிச்சல். துரையின் சப்பாத்து, தோல் பெட்டி, கதிரைக் கால் என்று எதைத் தொட்டாலும் பூஞ்சணம். அதைத் துடைப்பதே எனக்குப் பொழுது. துரைசாணி மேசையில் ஒரு படம் எழுதி வைத்திருந்தார். மலை, தேயிலை, ஓரத்தில் நம் லயம். நடுவில் சாம்பலாய் ஏதோ படர்ந்திருந்தது. இதிலுமா ஏறிவிட்டது என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். துணியில் நீலமும் பச்சையும் வந்த பிறகுதான் விளங்கியது. அது அவர் பார்த்துப் பார்த்து எழுதிய பனிமூட்டம்.

யார் செய்தது என்று துரைசாணி கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. வெளுத்த துணியோடு வாசலில் நின்ற நீ, "நான்தாங்க" என்றாய். மறுநாளே உன்னைக் கொழுந்து எடுக்க அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். மலையேறினால் தாங்கமாட்டேன் என்று நினைத்திருப்பாய். நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

துரைசாணி குப்பையில் போட்ட படத்தை நீதான் எடுத்து வந்து, சோற்றுப் பசையால் அட்டையில் ஒட்டி, லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் மாட்டினாய். எனக்குப் பார்க்கவே கூசியது. "ஏன்டி இத மாட்டுற, என் மானத்த வாங்கவா?" என்றேன்.

"கிட்ட நின்னு பாத்தா ஒனக்குத் தொடைக்கத்தான் தோணும். இப்புடிக் கதவுகிட்ட வா."

வந்தேன். நான் துடைத்த இடம் அங்கிருந்து சாய்ந்து பெய்யும் மழையாய்த் தெரிந்தது. கீழே ஒரு சிவப்புப் புள்ளி. சாயம் சிந்தியது என்று நான் நினைத்திருந்தேன். சேலை கட்டிய பொம்பளை என்றாய் நீ. நேரம் பிந்தி ஓடுகிறாள், இன்றைக்குக் கங்காணி ஏசப்போகிறான் என்று சிரித்தாய். பிறகு கேட்டாய், "இத எங்க உக்காந்து எழுதியிருப்பாங்க, சொல்லு?"

தினமும் நான் துடைக்கிற இடம்தான், எனக்குத் தெரியவில்லை. பங்களா விறாந்தைப் பிரம்புக் கதிரை என்று நீதான் சொன்னாய். அங்கிருந்து நம் லயம் ஒரு நகத்தளவு.

"அங்கருந்து பாத்தா நாம இம்புட்டுத்தான். இங்கருந்து பாத்தா பங்களா தீப்பெட்டியாட்டம் இருக்குல்ல?" என்றாய். குரலில் கோபமே இல்லை. குழம்புக்கு உப்புப் பார்த்துச் சொல்வதைப் போலச் சொன்னாய்.

அதற்குப் பிறகு விறாந்தை கூட்டும்போதெல்லாம் என் கண் மலைக்குத்தான் போகும். எந்தத் தேயிலை நிரையில் நீ நிற்கிறாய் என்று உன் சிவப்புச் சேலையைத் தேடுவேன். மழை இறங்கினால் நீ மறைந்துபோவாய்.

மூன்றாம் வருஷம் நெஞ்சுச் சளி கண்டு கண்ணை மூடிவிட்டாய். மழையில் நனைந்ததால்தான் என்று ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. துடைத்தது நான்தான் என்று துரைசாணியிடம் நானும் சொல்லவில்லை. துரையும் துரைசாணியும் சீமைக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

இப்போது கண்டியில் எந்தச் சுவரில் படம் இருந்தாலும் முதலில் நாலு எட்டுப் பின்னால் போகிறேன். எங்கே உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் என்று தேடுகிறேன். அன்று வயிற்றில் இருந்த என் மகள் இதைப் பார்த்துச் சிரிக்கிறாள். இதை எழுதக் கொப்பித் தாள் கிழித்துக் கொடுத்தவளும் அவள்தான்.

படத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கதவருகே போய் நின்றேன். எது துரைசாணி எழுதிய பனி, எது நான் துடைத்த இடம், எது இந்த மழைக்கு ஏறிய பூஞ்சணம் என்று பிரிக்க முடியவில்லை. சிவப்புப் புள்ளி அப்படியே இருக்கிறது. துணியை மடித்து வைத்துவிட்டேன்.

தள்ளி நின்று பார் என்பாய். நீ எவ்வளவோ தூரம் தள்ளிப் போய்விட்டாய். அங்கிருந்து பார்த்தால், அன்று நான் வாய் மூடி நின்றது எப்படித் தெரிகிறது, குட்டி?