ஷட்டரில் வரைந்த கடைகள்

மார்ச் 4

இன்று கூட்டத்தில் நான் சொல்லாதது: சந்தைத் தெரு முழுவதும் செத்துவிடவில்லை. நகராட்சி வாடகைக்கு விட்ட இடத்தில் என் அக்கா நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடை தினமும் திறக்கிறது, ஆட்களும் வருகிறார்கள்.

பொருளாதாரம் மறுபடி எழுந்து நிற்க வேண்டுமென்று அரசு பெரிய நிதி ஒதுக்கியிருக்கிறது. காலியாகக் கிடக்கும் நகராட்சிக் கடைகளைப் புதிய நிறுவனங்களுக்குக் கொடுத்து, தெருவையே புத்தாக்க மையமாக்குவது எங்கள் அலுவலகத் திட்டம். அதுவரை தெரு களையாகத் தெரிய ஷட்டர்களில் ஓவியம் என்றார் இயக்குநர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

மார்ச் 12

ஞாயிறு விடுமுறையில் பூட்டியிருந்தபோது அக்கா கடை ஷட்டரிலும் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கையில் காப்பி, மடியில் கணினி, வாயெல்லாம் பல்லாக நான்கு பேர்.

"நாலு பேர்ல ஒருத்தனுக்காவது கண்ணாடி மாட்டி விட்டிருக்கலாம்ல? எனக்கு விளம்பரமாவது ஆயிருக்கும்" என்றாள் அக்கா. சிரித்தோம்.

மார்ச் 19

இயக்குநர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நாளை எழுதுகிறேன்.

மார்ச் 20

நேற்று எழுத முடியவில்லை. நிதி தருமுன் தெருவைப் பார்க்க நாளை மதிப்பீட்டுக் குழு வருகிறது. வரிசையாக ஓவியம், நடுவில் ஒரு கடை மட்டும் திறந்திருந்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்குமாம். "உங்க அக்காதானேம்மா? நீங்களே சொல்லிடுங்க. கொஞ்ச நேரம்தான்" என்றார் இயக்குநர். ஆக, அவருக்கு முதலிலிருந்தே தெரியும்.

இன்று போய்ச் சொன்னேன். அக்கா ஒரு பெரியவரின் பிரேமுக்குத் திருகாணி பூட்டிக்கொண்டிருந்தாள்.

"தெருவுல வியாபாரம் நடக்குதான்னு பாக்கத்தானே வர்றாங்க? மூடிட்டு என்னத்தைக் காட்டுவீங்க?"

"ஓவியத்தை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா இருக்குடி உங்க பொழப்பு. உனக்காகத்தான் இறக்குறேன்."

மார்ச் 21

வந்தார்கள். படம் எடுத்தார்கள். வரைந்த மனிதர்களுக்கு முன்னால் நின்று ஒருவர், தெரு உயிரோட்டமாக இருக்கிறது என்றார். எதிர்ப்புறம், வெயிலில், பூட்டிய தன் கடையைப் பார்த்தபடி அக்கா நின்றிருந்தாள். சீ. என்ன பிழைப்பு இது?

ஏப்ரல் 9

குழு எடுத்த படங்களில் ஷட்டர் இறங்கியிருந்த கடையெல்லாம் 'பயன்பாட்டில் இல்லை' என்று முடிவாகிவிட்டது. எல்லாமே மையத்துக்கு. அக்காவுடையதும். மறுப்பு இருந்தால் ஒரு வாரத்துக்குள் மனுக் கொடுக்கலாம்.

நேரே இயக்குநர் அறைக்குப் போனேன். நடக்கிற கடை சார், நாமதானே மூடச் சொன்னோம் என்றேன்.

"தெரியும்மா. ஆனா அப்படி எழுத முடியுமா? மொத்த நிதியும் திரும்பிப் போயிடும்." பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார். ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஏன் கடித்தேன்?

ஏப்ரல் 10

அக்கா அழவில்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மனுவை நான் குடுக்குறேன். நீ வந்து மூடச் சொன்னேன்னு மட்டும் எழுதிக் குடு. அது போதும்."

எழுதினால் எனக்கு வேலை போய்விடும் என்று அக்கா கணவர்தான் எடுத்துச் சொன்னார், நான் வாயைத் திறக்குமுன். அவர் சொன்னதில் எனக்கு எவ்வளவு ஆறுதல்! அடுத்தவர் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் இப்படிப்பட்ட பெண்களை எத்தனை நாவல்களில் படித்து முகம் சுளித்திருக்கிறேன்.

ஏப்ரல் 13

இரண்டு வரி எழுதினேன். கிழித்தேன். இயக்குநரைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன் — அது மட்டும் தடையில்லாமல் வருகிறது.

ஏப்ரல் 16

மனுவுக்கு இன்று கடைசி நாள். தலைவலி என்று விடுப்பு எடுத்தேன். அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2

அக்கா வீட்டு முன்னறையில் கடை வைத்திருக்கிறாள். பழைய இடத்தில் நடுச்சுவரை இடித்துப் பெரிய கதவு போட்டிருக்கிறார்கள். திறப்பு விழா நடந்தது. எந்த நிறுவனமும் இன்னும் வரவில்லை. மையத்துக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். இன்று சாவியை வாங்கிக்கொண்டேன்.