இரண்டு ஊருக்கும் அயலூர்க்காரன்

மச்சான்,

இன்று காலை பத்திரிகைக் கட்டு நனைந்து வந்தது. கொழும்பு பஸ்ஸின் கூரையில் போட்டவன் மேலே ஒரு பொலித்தீனாவது இழுத்து விட்டானா? இல்லை. கயிற்றை அறுத்ததும் ஈரக் கடதாசியும் மையும் சேர்ந்த மணம் கடை முழுக்கப் பரவியது. நனைந்த பேப்பரை எவன் வாங்குவான்? நீ வாங்குவாய். "எழுத்து அழியல்லதானே, தா" என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு, முதல் பக்கத்தைத் திரும்பியும் பாராமல், நேரே வாசகர் கடிதப் பக்கத்தைத் திறப்பாய். அந்தப் பக்கத்திலிருந்து பேப்பர் வாசிக்கத் தொடங்கும் ஒரே மனிதனை இத்தனை கால வியாபாரத்தில் நான் உன்னிடம்தான் கண்டேன்.

உன் கடிதங்களை நான் பெரிதாக மதிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். வடிகான், எரியாத தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பறக்கும் லொறி, சந்தையில் மீன் கழுவிய தண்ணீர் ரோட்டில் ஓடுவது என்று எது கண்ணில் பட்டாலும் உனக்குக் கை சும்மா இராது. "எழுதி என்னத்தக் கண்டாய்?" என்று ஒரு நாள் கேட்டேன். "நான் ஒண்டும் காணல்ல. எழுதாம இரிக்கிற நீ என்னத்தக் கண்டாய், செல்லு பாப்பம்" என்றாய். உனக்குத் தேத்தண்ணி வரவழைத்தேன்.

ஊருக்கு ஒன்பது முகநூல் பக்கம் வந்த பிறகும் நீ அந்தப் பக்கம் போகவில்லை. "அதுல பேர் தெரியாதவன் ஏசுவான், பேர் தெரியாதவன் கை தட்டுவான். எனக்கென்னத்துக்கு?" என்பாய். பத்திரிகையிலும் ஆட்கள் 'ஊர் நலன் விரும்பி' என்றும் 'பாதிக்கப்பட்ட பொதுமக்கள்' என்றும் ஒளிந்துகொண்டுதான் எழுதுவார்கள். நீ முழுப் பெயரும், வீட்டிலக்கமும், வீதியும், ஊரும் போடுவாய். உன் கடிதத்தின் கடைசியில் பத்திரிகைக்காரர்கள் தாங்களாகவே 'உரியவர்கள் கவனத்திற் கொள்வார்களா?' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். அதைப் பார்த்தால் உனக்குப் பத்திக்கொண்டு வரும். "நான் கேக்கல்லடா, செல்றன். இவனுகள் ஏன் எனக்காகக் கெஞ்சிறானுகள்?" என்று என்னோடு சண்டைக்கு வருவாய், நான்தான் அச்சடித்தவன் மாதிரி.

வில்லங்கம் எல்லாம் அந்த முகவரியில்தான் இருந்தது. நம் கரையோர ஊர்களின் வழக்கத்தை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போகவேண்டும். நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து அவன் பெஞ்சாதியின் பள்ளிவாசலுக்கு ஆள். கூட்டமும் அங்கே, நல்லது கெட்டதும் அங்கே, மௌத்தானால் அடக்குவதும் அந்த ஊர் மையவாடியில். நான் உள்ளூரிலேயே முடித்ததால் பிறந்த பள்ளியோடேயே கிடக்கிறேன். நீ பாலத்துக்கு அங்கால முடித்தாய். சைக்கிளில் போனால் வேர்க்கக்கூட நேரமில்லாத தூரம், ஆனால் வேறு ஊர்.

வில்லங்கத்தில் முதலாவது, நீ அவர்களுடைய வடிகானைப் பற்றி எழுதியது. உன் மைத்துனர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். "உங்கட கூட்டாளிக்குச் செல்லி வைங்க. வந்த மாப்பிள்ள, இரிக்கிற ஊட்டுட வடிகான் நாறுது எண்டு நாடு முழுக்கச் செல்லுவாரா?" என்றார். நீ வந்ததும் சொன்னேன். பிள்ளைகள் உன் தோளுக்கு வளர்ந்த பிறகும் நீ அங்கே வந்த மாப்பிள்ளைதான் என்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போது அது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

பிறகு நம் ஊர் மையவாடியைப் பற்றி எழுதினாய். அது கடற்கரையில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நாம் பந்தடித்த மணல், தோணி இழுத்து வைத்த மணல், கருவாடு காயப்போட்ட மணல் என்று எவ்வளவு கிடந்தது! ஒவ்வொரு மாரிக்கும் கடல் கொஞ்சம் தின்றது. கடைசியில் மணல் முடிந்து வேலியின் கட்டைகள் தண்ணீரில் நின்றன. உன் உம்மா அந்தக் கடல் பக்கத்து வரிசையில்தான் அடங்கி இருந்தா. கடிதத்தில் நீ அதைச் சொல்லவில்லை. 'கல்லணை போடாவிட்டால் அடுத்த மாரிக்குக் கபுறுகள் கடலுக்குப் போகும்' என்று மட்டும் எழுதினாய். கீழே வழக்கம்போல உன் பெயர், பாலத்துக்கு அங்கால முகவரி.

கடிதம் வந்த காலையில் என் கடை வாசலில் நின்று அதை வாசித்தவர்களில் முதலாவது ஆள் ஹாட்வெயார் கடை ஹாஜியார். பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர், நல்ல மனிதர், ரோஷம் மட்டும் கொஞ்சம் கூட. "பக்கத்து ஊர்க்காரனுக்கு நம்மட மையவாடியில என்ன வேல?" என்றார். "அவன் நம்மட ஊர்ப் பொடியன்தான் ஹாஜியார்" என்றேன். "பொறந்தது இங்க. இப்ப ஆருட ஆள்? கீழ பாரு, என்ன ஊர் போட்டிரிக்கான்?" என்று விரலை வைத்துக் காட்டினார். அடுத்த கிழமை அவருடைய பதில் கடிதம் வந்தது. 'எமதூர் மையவாடியைப் பராமரிக்க எமக்குத் தெரியும். அயலூர் வாசகர் தமது ஊரின் நாற்றமடிக்கும் வடிகானைக் கவனிப்பதே பொருத்தம்.' அதை வாசித்து உன் மைத்துனர் வேறு கொதித்தார், தங்கள் வடிகானை இழுத்துவிட்டார்கள் என்று. இரண்டு ஊருக்கும் இடையில் பந்துப் போட்டியில்கூட அப்படிச் சூடு பிறந்ததில்லை.

ஆனால் உன் கடிதம் வேலை செய்தது, மச்சான். நான் வாய் பிளந்தேன். ஒரு நாள் மத்தியானம் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் கரையோர வேலை பார்க்கும் பொறியியலாளர். தண்ணீர்ப் போத்தல் வாங்கினார். கையிலிருந்த கோப்பில் உன் கடிதத்தை வெட்டி ஒட்டியிருந்தார். "இதை எழுதியவர் எங்கே? இடத்தைப் பார்க்கவேண்டும், ஊர்ப் பள்ளிவாசல் ஒரு கோரிக்கை எழுதித் தந்தால் மேலே அனுப்பலாம்" என்றார். நான் உடனே உனக்கு அழைத்தேன். நீ பாதிச் சவரத்தோடு வந்து இறங்கினாய், ஒரு கன்னத்தில் சவர்க்காரம் காயவில்லை. அதற்குள் நிர்வாகத்தினர் அவரைப் பள்ளிக்குக் கூட்டிப்போய் மஸ்கட் அல்வாவும் தேத்தண்ணியும் வைத்துவிட்டார்கள்.

நானும் உன்னோடு வந்தேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டோம். "வேலி விழுந்தது கடலால இல்ல, சேர். மாடு முட்டின" என்றார் ஹாஜியார். "அத நாங்களே கட்டிக்குவம். அந்தக் காயிதம் எழுதின ஆள் நம்மட ஊரில்ல." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் அந்தக் கட்டைகள் தண்ணீரில் நிற்பதைக் கண்ணால் கண்டவர்கள். அயலூர்க்காரன் எழுதியது சரி என்று ஒப்புக்கொள்வதைவிட மாட்டின் மேல் பழியைப் போடுவது அவர்களுக்கு லேசாக இருந்தது.

நீ உள்ளே போனாய். "சேர், மாடு இல்ல. வாங்க, நான் காட்டுறன்" என்றாய்.

"தம்பி, நீங்க எந்தப் பள்ளி?" என்றார் ஹாஜியார்.

"எண்ட உம்மா இங்கதான் இரிக்கா, ஹாஜியார்."

"உம்மா இங்க. நீங்க எந்தப் பள்ளி?"

கடிதத்தில் அவ்வளவு எழுதுகிறவன், நின்ற இடத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாய். அந்த அதிகாரி பாவம், இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார். ஜீப் போனது. வெளியே வந்து "நல்ல மாடு" என்றாய். நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. ஹாஜியார் மேல் பாதி, இப்படி ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டு அதற்குள் ஆளை ஆள் அளக்கிற நம் எல்லார் மேலும் பாதி.

மாரி வந்தது. மூன்று நாள் கடல் இரைந்தது. நாலாம் நாள் சுபஹு தொழுகை முடிந்ததும் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், மண்வெட்டி உள்ளவர்கள் மையவாடிக்கு வரவேண்டும் என்று. நான் போனபோது நீ எனக்கு முன்னாலேயே நின்றாய். உனக்கு யார் சொன்னார்களோ தெரியாது. கடல் பக்கத்து வரிசைகளில் கரை இடிந்து கிடந்தது. தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கட்டைகளில் ஒன்றுகூட இல்லை. மண்ணுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தவற்றை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

மௌலவி வந்து, எடுத்து மேட்டுப் பக்கம் அடக்கலாம் என்று சொன்னார். 'மாடு வந்திட்டுப்போல' என்று கேட்க எனக்கு நாக்கு நுனியில் நின்றது. ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தேன். அவருடைய வாப்பாவும் அந்த வரிசையில்தான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்த மனிதர் கையால் கரை மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார். என் வாயை மூடிக்கொண்டேன். அவர் உன்னைக் கண்டதும் கிட்ட வந்தார். "தம்பி, உம்மாட இடம் எதெண்டு தெரியுமா? காட்டுங்க, முதல்ல அவவ எடுப்பம்" என்றார்.

நீ அங்குமிங்கும் நடந்தாய். வேலி இருந்தால் வேலியிலிருந்து கணக்குப் பார்த்திருப்பாய், கட்டை இருந்தால் கட்டையைப் பார்த்திருப்பாய். இரண்டும் இல்லை. "தெரியல்ல ஹாஜியார்" என்றாய். "எனக்கும் தெரியல்ல தம்பி" என்றார் அவர். யார் யாருடையது என்று பிரிக்க முடியாமல், கிடைத்த எல்லாவற்றையும் வெள்ளைப் பிடவைத் துணியில் சுற்றி, மேட்டில் ஒரே நீள வரிசையாக அடக்கினோம். மண் போட்டு முடிந்ததும் நீ ஈரச் சாரனோடு நின்றபடி, "இனி ஒராளுக்கு ஸலாம் செல்ல ஏலாது, மச்சான். எல்லாருக்கும் சேத்துச் செல்லணும். அதுக்குள்ள உம்மாவும் இரிப்பா" என்றாய். அப்போதுதான் அழுதாய். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வேறு என்ன செய்ய?

நீ மறுபடியும் எழுதுவாய் என்று தெரியும். நிர்வாகத்தை உரித்துத் தொங்கப்போடுவாய் என்று எதிர்பார்த்தேன், ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம். நீ எழுதியதில் மாடும் இல்லை, ஜீப்பும் இல்லை. நடந்ததையும் கல்லணை வேண்டும் என்பதையும் தவிர ஒரு சொல் கூட இல்லை. அதை என் கடை மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது ஹாஜியார் வந்தார். நின்று நின்று, கடைசியில் என்னைப் பார்த்து, "அதுல எண்ட பேரையும் போடச் செல்லுங்க" என்றார். நீ தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாய். இரண்டு பெயரும் இரண்டு ஊரும் போட்டு அந்தக் கடிதம் வந்தது. பத்திரிகைக்காரர்கள் தங்கள் வரியைச் சேர்க்க மறக்கவில்லை.

கல் வந்தது, பாதி தூரத்துக்கு வந்து நின்றுவிட்டது. மீதிக்கு ஹாஜியார் இப்போதும் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறார், போகும்போதெல்லாம் அந்தக் கடிதத்தின் பிரதியை என் கடையில் எடுத்துக்கொண்டு போகிறார். அந்தக் கல்லை நீ பார்க்கவில்லை. உனக்கு நெஞ்சு நோக்காடு தொடங்கி, படி இறங்கக் கூடாது என்று டாக்டர் மறித்த பிறகு நான்தான் அங்கால வந்து உன்னைப் பார்த்துப்போனேன். "ஜும்ஆ முடிஞ்சி மையவாடிக்குப் போனா எண்ட ஸலாத்தையும் செல்லு" என்றாய். "பக்கத்து ஊர்க்காரன்ட ஸலாத்த நான் ஏன் சுமக்க?" என்றேன். இருமல் வரும்வரை சிரித்தாய். உன் பெஞ்சாதி ஓடிவந்து என்னை முறைத்தா.

நீ மௌத்தான அன்று இரண்டு பள்ளியிலும் அறிவித்தார்கள். அங்கே 'எமதூரைச் சேர்ந்த' என்று உன் பெயரைச் சொன்னார்கள். இங்கே நம் பள்ளியிலும் 'எமதூரைச் சேர்ந்த' என்று அதே பெயரைச் சொன்னார்கள். அறிவித்தது ஹாஜியார். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு கடையைப் பூட்டிவிட்டு அங்கால வந்தேன். உயிரோடு இருந்தபோது இதை ஒருவனாவது உன் காதில் போட்டிருக்கலாம். வழக்கப்படி உன்னை அங்கேதான் அடக்கினோம். உன் மைத்துனர் கபுறுக்குள் இறங்கி உன்னை வாங்கிக்கொண்டார்.

உனக்கு அங்கே பிள்ளைகள் வருவார்கள். உம்மாவுக்கு இங்கே வர ஆளில்லை, நான் போகிறேன். அந்த நீள வரிசையின் ஒரு தலைப்பில் நின்று எல்லாருக்கும் சேர்த்து ஸலாம் சொல்லிவிட்டு, பிறகு உன்னுடையதைச் சொல்வேன். முதல் தரம் சொல்லும்போது, யாருடைய ஸலாம் என்று சொல்லவேண்டுமே என்று உன் பெயரைச் சொன்னேன். அடுத்தது எந்த ஊர் என்று வாயில் வந்தது. அதை விட்டுவிட்டு, "உங்கட மகன், உம்மா" என்றேன். அவ ஊர் கேட்கவில்லை.