என் கோடு இல்லாத வெல்வெட்

மார்ச் 4
இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிச்சுக்கோ, டைரி. என் மகள் குட்டி இப்போதுதான் தூங்கினாள். மூச்சு வருதான்னு விரல் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் போய்ப் பார்த்தேன்.

நாடக அரங்கின் திரைக்குத் துணி வந்துவிட்டது. கருஞ்சிவப்பு வெல்வெட். எங்கள் தையல் கூடத்துக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. வழக்கம்போல நானே சாக்பீஸால் கோடு போட்டேன். என் கோடு விழாமல் கத்திரி இறங்கக் கூடாது, மேற்பார்வையாளராக நான் வைத்த சட்டம்.

மார்ச் 5
ஐயோ.

வெல்வெட்டை ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் முரண்டு பிடிக்கும். எல்லாத் துண்டும் ஒரே திசை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்கொளியில் இரண்டு நிறமாகத் தெரியும். திரைக்கு மேலே குறுக்காகத் தொங்கும் பட்டையின் வளைவுத் துண்டுக்குத் தலைகீழாகக் கோடு போட்டிருக்கிறேன். வெட்டியாச்சு. திருப்பிப் போடவும் வழியில்லை.

வெட்டுகிற கத்திரி அண்ணனிடம், "உங்களுக்குத் தெரியலையாண்ணே?" என்றேன்.

"தெரிஞ்சுச்சு மேடம். ஆனா உங்க கோடு இருந்துச்சே!"

துணி விரிக்கிற வாயாடி சும்மா இருப்பாளா? "நாங்க தும்முறதுக்கும் மேடம்கிட்ட ஒரு கோடு வாங்கணும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். வீடு வரைக்கும் குத்திக்கொண்டே வந்தது.

மிச்சத் துணி மட்டுமட்டாக இருக்கிறது. இன்னொரு தப்பு நடந்தால் ஆர்டர் போச்சு.

மார்ச் 6
குட்டி தானே சாப்பிட்டாள். பாதி மூக்கில். ஸ்பூனைப் பிடுங்கப் போனேன். "அதுக்கும் கோடு போடப் போறியா?" என்றார் என் வீட்டுக்காரர். இந்த மனுஷனிடம் எதையும் சொல்லக் கூடாது.

மார்ச் 7
எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "இனிமே என் கோடு கிடையாது. எப்படி வெட்டணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. சந்தேகம்னா யார் வேணா நிறுத்தலாம். தப்பு வந்தா முதலாளிகிட்ட நான் நிக்கிறேன்."

வாயாடி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலா மேடம்?"

காய்ச்சல் எனக்கில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் குட்டிக்கு உடம்பு கொதிக்கிறது.

மார்ச் 8
லீவு. இன்றைக்குத்தான் வெட்டு. போனை எடுக்கிறேன், வைக்கிறேன். கூப்பிட்டா நேத்து சொன்னதுக்கு என்ன மரியாதை? அவங்களாவது ஒரு தடவை கூப்பிடக் கூடாதா?

மார்ச் 9
காய்ச்சல் இறங்கலை. போனும் வரலை.

மார்ச் 10
காய்ச்சல் விட்டது. குட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினேன்.

திரை தொங்குகிறது. விளக்கைப் போட்டார்கள். ஒரே நிறம்!

பாதி வெட்டில் துணியில் ஒரு நூல் இழுப்பைப் பார்த்து வாயாடி "நிறுத்துங்க!" என்று கத்தியிருக்கிறாள். கத்திரி அண்ணன் கத்திரியைக் கீழே வைத்துவிட்டாராம். ரெண்டு பேரும் சண்டை போட்டு, துண்டுகளை இடம் மாற்றி, இழுப்பை மடிப்புக்குள் தள்ளிவிட்டார்கள். தேடித் தேடிப் பார்த்தேன், தெரியவே இல்லை.

"ஏன்ணே என்னைக் கூப்பிடலை?"

"நீங்கதானே முடிவு பண்ணச் சொன்னீங்க?"

முதலாளி என்னைப் பார்த்து, "பிரமாதம்மா" என்றார்.

"நான் கூடத்துலயே இல்லை சார். இவங்க செஞ்சது."

எந்தப் பரிசு வாங்கியபோதும் என் குரல் இப்படி நிமிர்ந்ததில்லை.

மார்ச் 11
குட்டி தானே சாப்பிடுகிறாள். ஸ்பூனைப் பிடுங்கக் கை துறுதுறுக்கிறது. அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலாளி சம்மதித்துவிட்டார். அவங்க ரெண்டு பேருக்கும் இப்போது அனுப்பியது:

"வெட்டு மேசை இனி உங்க ரெண்டு பேர் பொறுப்பு. நான் குறுக்கே வர மாட்டேன். சம்மதமா? சீக்கிரம் பதில் போடுங்க."