குழந்தையின் எச்சில்

என்னங்க,

மதியச் சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். அதன் கதவில் நீங்கள் ஒட்டிய தாளைக் கிழித்தது நான்தான். நம் எட்டு வயதுப் பெண்ணின் எச்சிலை எனக்குத் தெரியாமல் சோதனைக் குழாயில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, பிற்காலத்தில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம் என்று வந்த மரபணுக் கணக்கைப் பரீட்சை மார்க் மாதிரி ஒட்டியிருக்கிறீர்கள். அருவருப்பாக இருக்கிறது.

நேற்று அவள் தோழி வீட்டில் கேக் கொடுத்தபோது, "எனக்குச் சுகர் ஆன்ட்டி, வேண்டாம்" என்றாளாம்.

வரலாம் என்பதை வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், உனக்கு ஒரு நோயும் இல்லை என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். தோழியின் அம்மா கொடுத்தனுப்பிய அந்தக் கேக் துண்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருக்கிறது.

பி.கு.: என் பெயர் எழுதிய குழாயையும் உங்கள் பையில் பார்த்தேன். கேட்டிருந்தால் துப்பிக் கொடுத்திருப்பேன். இப்போது கேட்காமலே துப்பத் தோன்றுகிறது.